ஹெல்கா தேர்ந்தெடுத்த முதல் குடும்பம்

மனித நாகரிகம் இன்னும் குப்புற விழாமல் நிற்கிறதென்றால், அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பது வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஹெஸ்ட்விக் என்ற ஊரிலிருக்கும் முன்னோடிகள் அருங்காட்சியகம்தான். பாரிஸிலும் லண்டனிலும் இருப்பவை வெறும் கிடங்குகள்; ஊரார் வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து அடுக்கி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறவை. ஹெஸ்ட்விக்காரர்களுக்கு அந்தப் புத்தி கிடையாது. வண்டி கட்டி வந்து இங்கே குடியேறிய தங்கள் சொந்தக் கொள்ளுத் தாத்தாக்களின் சாமானைத்தான் காட்டினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் ஊரில் வெண்ணெய் கடையும் மரப்பீப்பாய் மட்டும் பதினேழு இருந்தது. பதினெட்டாவது வருகிறதாகப் பேச்சு.

ஒவ்வொரு பொருளின் கீழும் ஓர் அட்டை. அட்டைக்கு மூன்று வரி. இது என்ன பொருள் என்பது முதல் வரி. எந்தக் குடும்பம் வழங்கியது என்பது இரண்டாவது. மூன்றாவது எல்லா அட்டையிலும் ஒன்றே: ‘இயங்கும் நிலையில் இல்லை.’ ஃபார்கோ நகரத்துப் பல் வைத்தியர் ஒருவர் சோளம் உதிர்க்கும் இயந்திரத்தில் விரலை விட்டுப் பார்த்த வருஷத்திலிருந்து, அருங்காட்சியகக் குழுவின் உத்தரவுப்படி அந்த வரி சேர்க்கப்பட்டது. அதனாலேயே ஒரு தீராத மனக்குறையும் சேர்ந்துகொண்டது. ‘வாழும் வரலாற்று மையம்’ என்ற பட்டத்தை மாநில அரசு கொடுக்கிறது. ஆனால் முன்னோர்களின் கருவி ஒன்றாவது இன்றும் வேலை செய்தாக வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. குழுத் தலைவர் ஆர்வில் ஸ்டெனெருட் மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்று முறையும் அதிகாரி வந்து, மூன்றாவது வரியைப் படித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

அட்டைகளை எழுதுகிறவள் ஆர்டிஸ் க்வாம்மி. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள். அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் செயலாளர். செயலாளர் என்றால் பெரிய பதவி. சாவி, துடைப்பம், கூட்டக் குறிப்பேடு மூன்றும் அவள் பொறுப்பு. ஓட்டு மட்டும் கிடையாது.

அவளுக்கு இந்த உலகத்தில் ஆசை என்று ஒன்றே ஒன்றுதான்: கூரை. ஊர் பிறந்த மரக்கட்டை வீடுதான் அருங்காட்சியகத்தின் நடுக்கூடம். அதன் கூரையில் ஏழு ஓட்டை. மழை வந்தால் ஆர்டிஸ் ஏழு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். எந்த ஓட்டைக்கு எந்த வாளி என்பது அவளுக்கு மனப்பாடம். இந்தக் குளிர்காலத்துப் பனிப் பாரத்தை உத்தரம் தாங்காது என்று தச்சர் சொல்லிவிட்டார். கூரை மாறாவிட்டால் அக்டோபரில் கதவுக்குப் பூட்டு.

கூரைக்காக நிதி திரட்டவில்லை என்று யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. பதினோரு கோடைகாலமாகத் திரட்டுகிறார்கள். அப்பக் காலை விருந்து நடந்தது. ஒட்டுப்போர்வைக் குலுக்கல் நடந்தது. மாவுக்குள் பழம் வைத்துச் சுடுகிற ‘பை’ என்ற இனிப்பின் ஏலம் வருஷா வருஷம் நடந்தது: குழு உறுப்பினர் மேவிஸ் ஃபுக்லபெர்க் தன் கையால் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்த பை சுட்டுக் கொடுப்பார், அவர் கணவரே அதை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார், சரக்கு கடையை விட்டு நகராமல் வியாபாரம் மட்டும் நடந்து முடிந்துவிடும். வசூலான தொகை கூரையை நோக்கிக் கிளம்பும். வழியில் அடுத்த வருஷத்துப் பந்தல், அடுத்த வருஷத்துப் பதாகை என்று இளைப்பாற இடங்கள் நிறைய. கூரை வரை நடந்துபோகத் தெம்பிருந்த டாலர் இதுவரை பிறக்கவில்லை.

இந்த வருஷம் குழு ஒரு புரட்சி செய்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் ‘சாணிச் சூதாட்டம்’ என்று ஒரு வழக்கம் உண்டு. புல்வெளியில் சுண்ணாம்புக் கோடு போட்டு நூறு கட்டமாகப் பிரிப்பார்கள். ஆளுக்கொரு கட்டம் விலைக்கு வாங்குவார்கள். நடுவில் ஒரு பசுவை அவிழ்த்து விடுவார்கள். அது முதலில் எந்தக் கட்டத்தில் சாணி போடுகிறதோ அந்தக் கட்டத்துக்காரருக்குப் பரிசு. கால்பந்து விளையாடும் பையன்கள் சட்டை வாங்குவதற்கு நடத்துகிற விளையாட்டு இது. ஆர்வில் இதற்கு ஒரு ‘வரலாற்றுப் பரிமாணம்’ கொடுத்தார். கட்டம் என்பது இனிமேல் ‘குடியேற்ற நிலம்’. சீட்டு என்பது ‘நிலப் பட்டா’. சாணி என்ற சொல் குறிப்பேட்டில் வரக் கூடாது. ‘இயற்கையின் தீர்ப்பு’ என்று எழுதவேண்டும். பரிசு, வெண்கலப் பலகை ஒன்று. மரவீட்டின் வாசலில் நிரந்தரமாகப் பதிக்கப்படும். ‘ஹெஸ்ட்விக்கின் முதல் குடும்பம்’ என்று மேலே பொறித்து, கீழே வென்றவரின் குடும்பப் பெயர்.

அந்தப் பலகைக்குப் பின்னால் நூற்று நாற்பது வருஷத்து வழக்கு இருந்தது. 1883இல் இந்த மண்ணில் முதலில் வந்து இறங்கியது தங்கள் வண்டிதான், விடிகாலையில் வந்தது என்பார்கள் ஸ்டெனெருட் குடும்பத்தார். தங்கள் வண்டி முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டது, அடக்கத்தினால் யாரிடமும் சொல்லவில்லை என்பார்கள் ஆபெர்க் குடும்பத்தார். இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் ‘மோசமில்ல’ என்பதற்கு மேல் பேசியது கிடையாது. அந்த ஊரில் கல்யாணச் சாப்பாட்டுக்கும், புயலுக்கும், பிரசவத்துக்கும் சொல்கிற அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

ஆர்விலின் ஒன்றுவிட்ட தம்பி கர்ட்டிஸ், அரிசோனாவில் மெத்தைக் கடைகள் வைத்துச் செழித்தவர், தொலைபேசியில் வாக்குக் கொடுத்திருந்தார்: பலகையில் ஸ்டெனெருட் என்று வந்தால், தேவதாரு ஓடு போட்ட முழுக் கூரையும் தன் செலவு. வேறு பெயர் வந்தால் வாழ்த்துகள் மட்டும்.

ஆர்வில் நடுவில் முப்பது பட்டா வாங்கினார். மாட்டின் சுதந்திரத்தில் அவருக்குப் பூரண நம்பிக்கை உண்டு. இருந்தாலும் விழாவன்று விடிந்ததும் தோளில் மூட்டையுடன் புல்வெளியில் எதையோ தூவிக்கொண்டிருந்தார். உப்பு என்றார். பாதை வழுக்கக் கூடாதல்லவா என்றார். பனிக்கு உப்புப் போடுகிறவர்களை ஆர்டிஸ் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறாள். ஜூலை மாதத்தில் போடுகிறவரை அன்றுதான் பார்த்தாள். கூரையை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் முதல் பட்டா வாங்கியது ஆர்வில் அல்ல. பெர்னீட்டா கிரேக்ளவுட்.

பெர்னீட்டா மாவட்டச் சாலைத் துறையில் கிரேடர் ஓட்டுகிறவள். கோடையில் மண்சாலையைச் சமன் செய்வாள். குளிர்காலத்தில் அதே வண்டியால் பனியைத் தள்ளுவாள். ஏரிக்கு அந்தப் பக்கம், டகோட்டா பழங்குடியினருக்கு அரசு ஒதுக்கிவிட்ட நிலத்துக்காரி. ஜனவரி மாதத்தில் ஹெஸ்ட்விக்கில் யார் வெளியே வருவது, யார் உள்ளேயே கிடப்பது என்பதெல்லாம் அவள் கையில்தான். பட்டா விற்க ஆர்டிஸ் மேசை போட்ட அன்றைக்கே வந்து, ஓடைக்கரையில் பெரிய மரத்தின் கீழிருந்த தொண்ணூற்றொன்றாம் எண்ணைக் கேட்டாள்.

ஆர்டிஸுக்கு மனசு கேட்கவில்லை. “அந்தக் கோடிக்கு மாடு வராது பெர்னீட்டா. காசு வீண். நடுவுல ஒண்ணு எடுத்துக்கோ.”

“எங்காளுங்க கோடைக்கு அந்த மரத்தடியிலதான் தங்குவாங்க. தண்ணி கிட்டத்துல, காத்து நல்லா வரும். மாட்டுக்கு மட்டும் அது தெரியாதா என்ன?”

ஆர்டிஸ் பட்டா எழுதிக் கொடுத்தாள். எல்லாக் குலுக்கல் சீட்டிலும் இருப்பதுபோல இதன் அடியிலும் ஒரு வரி அச்சாகியிருந்தது: ‘உரிமையாளர் நேரில் இருக்க வேண்டியதில்லை.’

விழாவன்று ஊரே புல்வெளியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தது. ரப்பர் சக்கரம் மாட்டிய முன்னோடி வண்டி நாலு சுற்று வந்தது. கர்ட்டிஸ், கட்டில் குளியலறையெல்லாம் உள்ளேயே இருக்கும் நாற்பதடி வீட்டு வண்டியில் வந்து இறங்கினார். வண்டி அவரைவிட ஆழமாக இறங்கியது. முந்தின நாள் மழையில் ஊறியிருந்த சாக்கடை ஓரத்தில் அச்சு வரை புதைந்துவிட்டது. ஆர்வில் ஓடிவந்து பெர்னீட்டாவிடம் கிரேடரைக் கொண்டுவந்து இழுத்துவிடச் சொன்னார். மாடு ஆட்டம் ஆரம்பிக்கப்போகிறதே என்றாள் அவள். மாடு எங்கே ஓடிப்போகிறது, தம்பிதான் சேற்றில் நிற்கிறான் என்றார் அவர். பெர்னீட்டா போனாள்.

ஹெல்கா என்ற அந்தப் பசுவை அவிழ்த்துவிட்டார்கள். அது நேராக ஸ்டெனெருட் நிலத்துக்குப் போய்த் தரையை நக்க ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் நக்கியது. கட்டம் கட்டமாக, ஸ்டெனெருட் வம்சத்தின் மீது தனிப்பட்ட பாசம் கொண்டதுபோல நக்கியது. ஆர்வில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆர்டிஸ் மனசுக்குள் ஓடு எண்ணத் தொடங்கினாள்.

இருபது வருஷம் டிராக்டர் விற்ற ஆர்விலுக்கு ஒரு சின்னக் கணக்கு தப்பிப்போயிருந்தது. அவ்வளவு உப்பு நக்கினால் தாகம் எடுக்கும். ஹெல்கா தலையைத் தூக்கியது. காற்றை முகர்ந்தது. ஓடையை நோக்கி நடந்தது. வயிறு முட்டக் குடித்தது. கரையேறி வந்து பெரிய மரத்தடி நிழலில் நின்று, யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாத முகத்தோடு வாலைத் தூக்கியது.

இயற்கையின் தீர்ப்பு தாராளமாக, நட்ட நடுவில், எந்தக் கோட்டையும் தொடாமல் விழுந்தது. பாதிரியார் அளவு நாடா வைத்து அளந்து, தொண்ணூற்றொன்று என்று அறிவித்தார். ஆர்டிஸ் பதிவேட்டைப் பார்த்துப் பெயரைப் படித்தாள். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் மெதுவாக, “மோசமில்ல,” என்றார்.

குழு உடனே மரவீட்டுக்குள் அவசரக் கூட்டம் கூடியது. காபி வந்தது. நூற்று நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, குழுவின் மூன்றாவது உறுப்பினர் ஜோயல் ஆபெர்க்கும் ஆர்வில் ஸ்டெனெருட்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காலையில் வந்தவரா, சாயங்காலம் வந்தவரா என்பது நம் இரண்டு வீட்டுச் சண்டை, அதில் மூன்றாம் மனிதருக்கு என்ன வேலை என்பது ஆபெர்க்கின் நிலைப்பாடு. மேவிஸ் எதையும் ஆழமாகச் சிந்திக்கிறவர். அவர்தான் தத்துவப் பிரச்சினையைக் கிளப்பினார்.

“முதல் குடும்பம்னா முதல்ல வந்த குடும்பம். அவங்க எங்கேருந்தும் வரவே இல்லையே, இங்கயேதான் இருந்தாங்க. வராதவங்க எப்படி முதல்ல வந்தவங்களா இருக்க முடியும்?”

இந்த வாதத்தின் அழகில் குழு ஒரு நிமிஷம் மெய்மறந்தது. ஆனால் வெண்கலத்தில் பொறிக்க இன்னும் கெட்டியான காரணம் வேண்டும் என்றார் ஆர்வில். யோசித்தார். மாடு தீர்ப்பு வழங்கிய நேரத்தில் பெர்னீட்டா தன் நிலத்தில் இருந்தாளா? இல்லை. ஆள் இல்லாத நிலம் காலி நிலம். காலி நிலத்துக்கு ஏது உரிமையாளர்?

ஆர்டிஸுக்கு ஓட்டுத்தான் கிடையாதே தவிர வாய் உண்டு. “தலைவரே, அவ உங்க தம்பி வண்டியை இழுக்கப் போயிருந்தா. போகச் சொன்னது நீங்க.”

“யார் சொன்னாங்கறது வேற விஷயம். இருந்தாளா, இல்லையா?”

“நேர்ல இருக்க வேண்டியதில்லைன்னு பட்டாவுலயே போட்டிருக்குங்க.”

“அது நீ அச்சடிச்சது. குழு தீர்மானம் போட்டுச்சா?” பிறகு குரலைத் தாழ்த்தி, உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். “அக்டோபர்ல இந்த வீட்டைப் பூட்டணும்ங்கறியா ஆர்டிஸ்? சொல்லு, பூட்டிடலாம்.”

ஆர்டிஸ் பேனாவைக் கையில் எடுத்தாள். குறிப்பேட்டைத் திறந்து தேதி போட்டாள்.

குழு நியாயஸ்தர்களால் ஆனது. யாருடையதையும் சும்மா எடுத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வராது. ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள். பெர்னீட்டாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். பூட்ஸில் கர்ட்டிஸ் வண்டியின் சேறு ஒட்டியபடி அவள் வந்து நின்றாள். ஆர்வில் விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். தொண்ணூற்றொன்றுக்குப் பதிலாகத் தொண்ணூற்றொன்பதும் நூறும், சாக்கடை ஓரத்தில், ஒன்றுக்கு இரண்டாக.

“புல்லு முளைச்சுக்கிட்டிருக்கற வரைக்கும் அது உங்களோடதும்மா,” என்றார்.

“அங்க ஜல்லி கொட்டி வண்டி நிறுத்த இடம் பண்ணப்போறதா போன மாசம் தீர்மானம் போட்டீங்க. செவ்வாய்க்கிழமை வந்து ஜல்லியைப் பரப்பணும்னு எனக்குத்தான் ஆர்டர் வந்திருக்கு.”

ஆர்வில் விலையை ஏற்றினார். இரண்டு கட்டத்தோடு ஒரு ருபார்ப் பை. மேவிஸ் தலையசைத்தார். பையோடு ஒட்டுப்போர்வை. போர்வையோடு அருங்காட்சியகத்தில் ஆயுள் முழுக்க இலவச அனுமதி. அனுமதி இப்போதும் எல்லோருக்கும் இலவசந்தானே என்றாள் பெர்னீட்டா. சந்தையில் பாதி விலைக்கு இறங்கியும் வாங்குகிறவர் அசையாமல் நிற்கும்போது விற்கிறவருக்கு ஒரு கலக்கம் வருமே, அது ஆர்விலுக்கு வந்தது. கடைசிச் சரக்கை எடுத்து வெளியே வைத்தார்.

“யோசிச்சுப் பாரும்மா. இந்த மாநிலத்துக்கே உங்க ஜனங்க பேருதான். டகோட்டா. நம்பர் பிளேட்டுலகூட இருக்கு. இத்தனூண்டு பலகையில என்ன இருக்கு?”

பெர்னீட்டா தலையாட்டினாள். “அதுவும் சரிதான். பலகையை நீங்க வச்சுக்கோங்க. மாநிலத்தைக் குடுத்துடுங்க.”

இது முறைப்படியான முன்மொழிவா, வழிமொழிய ஆள் வேண்டுமா என்று மேவிஸ் கேட்டார். ஆர்வில் ஒரு காகிதத்தை நீட்டி, நிலத்தை மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதைக் குழு பார்த்துக்கொள்ளும் என்றார்.

“எங்க வீட்டுல கையெழுத்துப் போடறதை நிறுத்திட்டோம்,” என்றாள் பெர்னீட்டா. “எங்க தாத்தாங்க போட்ட வரைக்கும் போதும்.”

அவள் வெளியே நடந்தாள்; ஆர்டிஸ் பின்னாலேயே வாசல் வரை போனாள். வாசலில் கிடந்த வாளியை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். மறுபடி எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

பெர்னீட்டா அதைப் பார்த்தாள். “கூரை வேணும் உனக்கு.”

“வேணும்,” என்றாள் ஆர்டிஸ். பொய் சொல்ல வரவில்லை.

“உள்ள போனா நீ அவங்களோட சண்டை போட மாட்டே.”

“மாட்டேன்னுதான் நினைக்கிறேன்.”

“சரி. எழுதறது நீதானே? நடந்ததை நடந்தபடி எழுது. அழகு பண்ணாதே.” சொல்லிவிட்டு கிரேடரில் ஏறிப் போய்விட்டாள்.

உள்ளே, தொண்ணூற்றொன்று காலி நிலம் என்ற தீர்மானம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது. காலியென்றானதும் பலகை அதிகப் பட்டா வைத்திருக்கும் ஸ்டெனெருட்டுக்கு; மூன்றாம் மனிதருக்குப் போவதைவிட இது மேல் என்று ஆபெர்க்கும் கை தூக்கினார். ஆர்விலுக்கு வாசகம் மட்டும் திருப்தியாக இல்லை. பலகைக்கு ஏற்ற கம்பீரம் வேண்டும் என்றார். அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஊர் நிறுவிய ஆவணத்தை எடுத்துப் பார்த்து அதன் நடையில் எழுதும்படி ஆர்டிஸிடம் சொன்னார். அந்த ஆவணத்தை ஊரே வணங்கியது. படித்தவர்தான் யாருமில்லை, பழைய கையெழுத்து, கண்ணாடியில் வெளிச்சம் வேறு அடிக்கும்.

ஆர்டிஸ் சாவி போட்டு அதை வெளியே எடுத்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தாள்: ஓடைக்கரையில் வழக்கமாகத் தங்குபவர்கள், நமது வேண்டுகோளின்படி நமக்கு மாவு மூட்டைகள் கொண்டுவரப் போயிருப்பதாலும், ஆகவே தற்சமயம் அந்நிலத்தில் காணப்படாததாலும், மேற்படி நிலம் காலியாக உள்ளதென இக்குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. 1883, ஜூலை. முன்மொழிந்தவர் ஸ்டெனெருட். வழிமொழிந்தவர் ஆபெர்க். நடந்ததை நடந்தபடி எழுதியவர், செயலாளர் க்வாம்மி.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரு தடவை ஆர்விலைப் பார்த்தாள். பிறகு புதுத் தாள் எடுத்து வரிக்கு வரி பார்த்து எழுதினாள். தேதியை மாற்றினாள். மாவு மூட்டை என்று இருந்த இடத்தில் வீட்டு வண்டி என்று போட்டாள். வேறெதையும் மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஆர்வில் வாங்கிப் படித்து, இந்தக் காலத்தில் யாருக்கு இப்படி எழுத வரும் என்று நெகிழ்ந்து கையெழுத்திட்டார். ஆபெர்க்கும் இட்டார். கடைசியில் ஆர்டிஸும் இட்டாள்.

செப்டம்பரில் தேவதாருக் கூரை வந்தது. முதல் மழையில் ஆர்டிஸ் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. வாளிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். வாசலில் பலகை ஸ்டெனெருட் என்று மின்னியது. கர்ட்டிஸ் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, வண்டியை இந்தத் தடவை ஜல்லியில் நிறுத்தியிருந்ததால் தானாகவே கிளம்பிப் போனார்.

அக்டோபரில், பூட்டியிருக்க வேண்டிய வாசலில், மாநில அதிகாரி நான்காவது முறையாக வந்து நின்றார். ஆர்வில் ரப்பர் சக்கர வண்டியைக் காட்டினார். அதிகாரி ரப்பரைத் தட்டிப் பார்த்தார். பதினேழு வெண்ணெய்ப் பீப்பாயையும் காட்டினார். அதிகாரி பதினேழு தடவை மூன்றாவது வரியைப் படித்தார். முன்னோர்களின் கருவிகளில் இன்றும் வேலை செய்கிற ஒன்று, ஒன்றே ஒன்றாவது கிடையாதா என்று அலுத்துப்போய்க் கேட்டார்.

ஆர்வில் தலை குனிந்தார். ஆர்டிஸ் அதிகாரியைக் கண்ணாடி அலமாரிக்கு அழைத்துப்போனாள். உள்ளே பழுப்பேறிய தாள் ஒன்று, வெள்ளைத் தாள் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில், புதுக் கூரையின் கீழ் ஈரம் படாமல் பத்திரமாக இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே அட்டை. அதிகாரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தாள்களைப் படித்தார், பிறகு அட்டையைப் படித்தார், மறுபடி தாள்களைப் படித்தார். ஆர்விலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அன்றைக்குக் காபி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்.

உலகத்திலேயே தன் முன்னோர்களுக்கு இவ்வளவு உண்மையாக இருக்கும் இன்னொரு அருங்காட்சியகம் கிடையாது. அந்த அட்டை இன்றும் அங்கே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், அனுமதி இலவசம்.

‘காலி நிலத் தீர்மானம். இரண்டு பிரதிகள்.
வழங்கிய குடும்பங்கள்: ஸ்டெனெருட், ஆபெர்க், க்வாம்மி.
இயங்கும் நிலையில் உள்ளது.’